எண்ணிப் பாருங்கள்: இனவெறி எதிர்ப்புக் கல்விக்கு வருபவர்கள் தம்மைத் தாமே சோதிக்க ஆறு வார வழி

இனவெறிக்கு எதிரான கல்வியில் கால் வைக்கும் ஆசிரியரோ பயிற்றுநரோ நூலகரோ பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்தலாம்?" அந்தக் கேள்வியை ஆறு வாரம் தள்ளிவைக்கச் சொல்கிறோம். காரணம் இருக்கிறது. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம், தோல் நிறத்தைத் தவிர வேறு எதிலும் வித்தியாசம் இல்லாத பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே கைகாட்டினார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இனத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாரைக் கண்டதும் குரலை உயர்த்துகிறார்கள், யாருடைய பெயரைச் சொல்லத் தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் பாடத்திட்டம் எழுதி முடிப்பதற்குள் உங்கள் வகுப்பில் அந்தப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே தொடக்கம் நம்மிடமிருந்து. தமிழில் 'எண்ணுதல்' என்றால் நினைப்பதும் அதுதான், கணக்கிடுவதும் அதுதான். இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. முதல் இரண்டு வாரம் எண்ணம், அடுத்த மூன்று வாரம் எண்ணிக்கை, கடைசி வாரம் மாற்றம். எண்ணத்தோடு நின்றுவிடுபவர்கள் மிகப் பலர். "என்னுள் பார்த்துவிட்டேன், எனக்குப் பாகுபாடு இல்லை" என்று உண்மையாகவே நம்பி எழுந்துவிடுகிறார்கள். மனசாட்சி பொய் சொல்வதில்லை. ஆனால் அவசரத்தில் எடுத்த முடிவுகளை அது பதிந்து வைப்பதில்லை. சார்பு ஒளிந்திருப்பது அந்த அவசர முடிவுகளில்தான்.

தேவையானவை

100 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து பேச ஒரு துணை.

நோட்டைக் கையால் எழுதுங்கள், பிறர் திறக்கக்கூடிய கணினியில் வைக்க வேண்டாம். யாரோ படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் கை தானாகவே அவருக்குப் பிடித்ததை எழுதும். மாணவர் பெயர் எதையும் அதில் எழுதாதீர்கள். ம1, ம2 என்று குறியீடு போடுங்கள். எந்தக் குறி யாருக்கு என்ற பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும். நோட்டு தொலைந்தால் அவமானம் பிள்ளைகள் மேல் விழக்கூடாது.

துணையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சக ஆசிரியரிடம் போய் "என் தப்பைச் சுட்டிக்காட்டுங்கள்" என்று கேட்பார்கள். அவர் தன் வேலையோடு உங்கள் வேலையையும் சுமக்க வேண்டிவரும், உண்மையைச் சொன்னால் உறவு கெடுமோ என்ற பயத்தையும் சேர்த்து. உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர், உங்களோடு சேர்ந்து இதே ஆறு வாரத்தைச் செய்யத் தயாராக இருப்பவர், உங்களுக்கு மேலதிகாரியாகவோ கீழே வேலை செய்பவராகவோ இல்லாதவர்: இந்த மூன்றும் பொருந்தினால் போதும்.

சொற்களை முதலில் தெளிவாக்குங்கள்

தமிழில் 'இனம்' என்ற சொல் பல சுமைகளைத் தாங்குகிறது. மொழியால் ஒன்றுபட்ட மக்களும் இனம், தோல் நிறத்தை வைத்து உலகம் வகுத்த பிரிவும் இனம், ஆட்டு இனம் மாட்டு இனம் என்பதும் இனம். மூன்றாவது பொருள் மற்ற இரண்டுக்குள் நுழைந்துவிடும்போது, மனிதர்களுக்குள் உயிரியல் ரீதியாகவே தனித்தனி வகைகள் இருப்பதுபோன்ற மயக்கம் வருகிறது. அப்படி இல்லை. 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டபோது, மனிதர்களிடையே காணும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. 'இனங்கள்' என்று நாம் பிரித்துவைத்ததற்கு இடையே இருந்தது 6 விழுக்காடு அளவுதான். இனம் என்பது சமூகம் போட்ட கோடு. கோடு கற்பனை என்றாலும் அதனால் விழுந்த அடி கற்பனை இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். *முன்முடிவு*: ஒருவரைப் பார்க்கும் முன்பே அவரைப் பற்றி எடுத்துவிட்ட தீர்ப்பு. *சார்பு*: நாம் அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சாய்வது. *பாகுபாடு*: அந்தச் சாய்வு செயலாகி ஒருவருக்கு உரியது கிடைக்காமல் போவது. *இனவெறி*: அந்தச் செயல்கள் விதிகளிலும் வழக்கங்களிலும் படிந்து, கெட்ட எண்ணம் கொண்ட ஒரு ஆள்கூட இல்லாதபோதும் தொடர்ந்து நடப்பது. கடைசிச் சொல்லை வெறுப்பு என்ற ஒற்றைப் பொருளில் மட்டும் புரிந்துகொள்பவர்கள் தங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எல்லை எதுவரை என்ற கேள்வியும் வரும். 1965இல் ஐநா ஏற்ற, எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கை இனம், நிறம், மரபுவழி, தேசிய மூலம், இனக்குழு மூலம் ஆகிய ஐந்தையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. 'மரபுவழி' என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் விளக்கம் கொடுத்தது. எனவே கீழே வரும் பயிற்சிகளில் சாதியை ஒதுக்கிவைத்துவிட்டு நிறத்தை மட்டும் பேச வேண்டியதில்லை. தோல் நிறத்துக்காகத் தான் பட்டதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சாதி என்ற வரியைக் காலியாக விட்டுவிட்டால் சோதனை பாதிதான் நடந்தது.

முதல் வாரம்: நான் நிற்கும் இடம்

ஒரு முழுப் பக்கத்தில் பத்து வரி போடுங்கள்: தோல் நிறம், இனக்குழு, தாய்மொழி, உச்சரிப்பு, மதம், சாதி அல்லது மரபுவழி, குடியுரிமை, வளர்ந்த வீட்டின் பொருளாதாரம், பாலினம், உடல்நிலை. பக்கவாட்டில் நான்கு கட்டம்.

முதல் கட்டத்தில் நான் யார் என்று. இரண்டாவதில், கடந்த ஏழு நாளில் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் எத்தனை முறை வந்தது என்று எண்ணால். மூன்றாவதில், இது எனக்குத் திறந்த கதவு ஒன்று அல்லது மூடிய கதவு ஒன்று. நான்காவதில், என் வகுப்பில் இதற்கு மறுபக்கம் நிற்பவர் யார்.

இதில் உயிர்நாடி இரண்டாம் கட்டம். ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். உச்சரிப்பு. பள்ளியின் பயிற்றுமொழியைப் பள்ளி எதிர்பார்க்கும் விதத்திலேயே பேசி வளர்ந்த ஆசிரியர் இங்கே 0 என்று எழுதுவார். அவர் பேசுவது அவருக்கு 'உச்சரிப்பு' என்றே தோன்றாது, வெறும் பேச்சு. அதே வகுப்பில் வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பெண் ஒரே வாக்கியத்தை நாளுக்கு மூன்று முறை திருப்பிச் சொல்கிறாள். மூன்றாம் முறை குரல் தாழ்ந்துவிடுகிறது. நான்காம் நாள் கையே தூக்குவதில்லை. ஆசிரியரின் குறிப்பில் அவள் 'கூச்ச சுபாவம்' ஆகிவிடுகிறாள். அந்த 0க்கும் இந்தக் கூச்ச சுபாவத்துக்கும் இடையே உள்ள பாதையை நீங்களே ஒரு பத்தியாக எழுதிப் பார்க்க வேண்டும். 0 விழுந்த ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு பத்தி.

எங்கே கோணலாகும்? தான் அடிபட்ட வரிகளை முதலில் நிரப்பி அங்கேயே நேரம் முழுவதையும் கழித்துவிடுவது. அடிபட்டது பொய் இல்லை. ஆனாலும் 0 விழுந்த வரிகளில் தொடங்கி, பிறகு அங்கே வாருங்கள். இன்னொரு கோணல், இதற்கு நேர் எதிரானது: ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஆசிரியர் "இதெல்லாம் எனக்கு எதற்கு" என்று கேட்பது. நம்மைப் பற்றிப் பிறர் சொன்னதை நாமே பாதி நம்பி, நம் சமூகப் பிள்ளைகளிடமே கூடுதல் கடுமை காட்டுவதும் நடப்பதுதான். அதை அறிய இந்தப் பக்கம் உதவும். ஆனால் பழைய புண்ணைக் கிளறித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒரு வரியை விட்டுவிட்டுப் போகும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு.

இரண்டாம் வாரம்: யார் சொல்லிக்கொடுத்தது?

5, 10, 15, 20 வயது, இப்போது என்று ஐந்து இடம் விட்டு, ஒவ்வொன்றிலும் 'வேறு மாதிரி மனிதர்கள்' என்று யாரைப் பற்றி, யார் வாயால், என்ன சொல் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பொதுவான வர்ணனை வேண்டாம். கேட்ட வாக்கியம் அப்படியே வேண்டும். "அந்தப் பக்கம் போய் விளையாடாதே" என்றால் அதுவே. யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்டபோது பேச்சை மாற்றினார்களா என்று எழுதுங்கள். பேச்சை மாற்றுவதும் ஒரு பாடம்தான்.

அடுத்த நாள் வாக்கிய நிரப்பல். உங்கள் வகுப்பிலும் ஊரிலும் உள்ள எட்டு மக்கள் பிரிவுகளின் பெயரை எழுதுங்கள், உங்கள் பிரிவும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. "இவர்கள் எல்லாம்..." என்ற வாக்கியத்தை, முதலில் வாயில் வருவதை வைத்து முடியுங்கள். நீங்கள் நம்புவதை எழுதச் சொல்லவில்லை, காதில் ஏறி உட்கார்ந்திருப்பதைத்தான். எட்டும் முடிந்தபின் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு: இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது (நேரில் பார்த்தது, பிறர் சொன்னது, திரையில் பார்த்தது), இந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவு பழகியவர்கள் எத்தனை பேர். வாக்கியம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது, பக்கத்தில் உள்ள எண் எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது பலருக்கு ஒரு கணம் மூச்சு நிற்கும்.

இந்தப் பட்டியலைக் குழுவில் உரக்கப் படிக்கவே கூடாது. சில பயிற்சி முகாம்களில் இதை வட்டமாக உட்காரவைத்துச் செய்கிறார்கள். படிப்பவருக்கு மனபாரம் குறையலாம். தன்னைப் பற்றிய வசையை இன்னொரு முறை, இம்முறை நல்லெண்ணத்தோடு, கேட்க நேர்ந்தவருக்கு என்ன ஆகும்? துணையோடு பேசும்போதும் வாக்கியங்களைச் சொல்ல வேண்டாம், அவை வந்த வழியை மட்டும் பேசுங்கள்.

உள்ளுறைச் சார்புச் சோதனை என்று இணையத்தில் இருப்பதை எழுதலாமா என்று கேட்பார்கள். 1998இல் ஆண்டனி கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை அது. திரையில் மாறி மாறி வரும் முகங்களையும் சொற்களையும் எவ்வளவு வேகமாக வகைப்படுத்துகிறோம் என்பதை அளக்கிறது. எழுதுங்கள், பத்து நிமிடம்தான். ஆனால் அதைக் காய்ச்சல் மானிபோல நினைக்காதீர்கள். ஒரே ஆள் வேறு நாளில் எழுதினால் வேறு மதிப்பெண் வரலாம். 2019இல் 492 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அந்த மதிப்பெண் மாறினால் நடத்தையும் மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே முடிவு சொன்னார்கள். நமக்கு வேண்டியது நடத்தை. அதற்குத்தான் அடுத்த மூன்று வாரம்.

மூன்றாம், நான்காம் வாரம்: வகுப்பில் கோடு போட்டு எண்ணுதல்

இங்கே அவசரப்படாதீர்கள், இதுதான் முழு வேலையின் நடு.

இருக்கை வரைபடம் ஒன்று வரைந்து, ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம் விடுங்கள். உங்கள் துணை வகுப்பின் பின்னால் உட்கார்ந்து குறிக்க வேண்டும். அவரால் வர முடியாவிட்டால், பள்ளியின் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து பிறகு நீங்களே குறிக்கலாம். பாடம் நடத்திக்கொண்டே நினைவில் வைத்து எண்ணுவது மட்டும் வேண்டாம். நினைவு நமக்குச் சாதகமாகவே எண்ணும்.

ஐந்து குறி போதும். கே: கேள்வி கேட்டீர்கள். கா: கேட்டபின் 3 விநாடியாவது காத்திருந்தீர்கள். தொ: பதில் வந்தபின் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று தொடர்ந்து கேட்டீர்கள். பா: பாராட்டினீர்கள். க: கண்டித்தீர்கள். 40 நிமிட வகுப்பு மூன்றைக் குறியுங்கள், மூன்றும் வெவ்வேறு நாளாக, வெவ்வேறு நேரமாக இருக்கட்டும். ஒரு வகுப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அன்றைக்கு யாருக்காவது தலைவலி இருந்திருக்கலாம்.

பிறகு கூட்டல். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்பதை முகத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். குடும்பமோ பிள்ளையோ தானாகச் சொன்னதையும் பள்ளிப் பதிவில் உள்ளதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதத்துக்கு ஒரு மாதிரி: வகுப்பில் 30 பேர், அதில் 9 பேர் சிறுபான்மைப் பிரிவு என்றால் பங்கு 30 விழுக்காடு. மூன்று வகுப்பிலும் சேர்த்து 60 கேள்வி கேட்டிருந்தால் சுமார் 18 அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். போனது 16 என்றால் பெரிய விஷயம் இல்லை. அடுத்த குறியைப் பாருங்கள். தொடர்கேள்வி 20இல் அவர்களுக்குக் கிடைத்தது 2. கண்டிப்பு 10இல் அவர்கள் மேல் விழுந்தது 6. கேள்வியைச் சமமாகப் பகிர்ந்த ஆசிரியர், ஆழமான கேள்வியைச் சிலருக்கே வைத்திருக்கிறார் என்பது கே என்ற குறியை மட்டும் எண்ணியிருந்தால் தெரியவே வந்திருக்காது. சிறிய எண்களில் தற்செயலுக்கும் இடம் உண்டு. மூன்று வகுப்பிலும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் தற்செயல் என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் சொல்லும் பதில்: "அந்தப் பிள்ளைகள் கையே தூக்குவதில்லையே." அப்படியானால் கா குறியைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதிலும், நன்றாகப் படிப்பார் என்று நினைத்த பிள்ளைக்குக் கூடுதல் நேரம், படிக்கமாட்டார் என்று நினைத்த பிள்ளைக்குக் குறைவு. காத்திருப்பு 3 விநாடிக்கு மேல் போனபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினார்கள். இரண்டாவது மொழியில் யோசித்து வாக்கியம் கட்டும் பிள்ளைக்கு 1 விநாடி என்பது கதவைத் திறந்து உடனே சாத்துவது.

கண்டிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கில்லியம் குழுவினர் மழலையர் ஆசிரியர்களுக்குக் காணொளி காட்டி, குறும்பு வரப்போகிறது, கண்டுபிடியுங்கள் என்றார்கள். காணொளியில் குறும்பே கிடையாது. கண் எங்கே போகிறது என்று கருவி அளந்தது. கறுப்பினச் சிறுவர்கள் மேலேயே அதிக நேரம் நிலைத்தது. யாரைக் கவனித்துக்கொண்டே இருக்கிறோமோ அவர் செய்யும் தப்புதான் நம் கண்ணில் படும். ஆகவே க குறி போடும்போது துணை இன்னொன்றும் கவனிக்கட்டும்: அதே தப்பை அதே வகுப்பில் வேறு யாராவது செய்து கண்டிக்கப்படாமல் விடப்பட்டாரா? அந்தக் கட்டத்தில் ஒரு சுழி. கோடுகளைவிட இந்தச் சுழிகள் பல சமயம் அதிகம் சொல்லும்.

பெயர்களையும் இந்த இரண்டு வாரத்திலேயே சரிசெய்துவிடுங்கள். வராத பெயரை எல்லோர் முன்னாலும் முயன்று பார்த்துச் சிரிக்காமல், தனியே கூப்பிட்டு, "ஒரு தடவை மெதுவாகச் சொல்லேன், நான் சரியாகச் சொல்லப் பழகணும்" என்று கேளுங்கள். கேட்டபடியே நோட்டில் தமிழில் அசை பிரித்து எழுதிக்கொண்டு, வீட்டில் பத்து முறை சொல்லிப் பாருங்கள். உங்கள் வசதிக்காகப் பெயரைச் சுருக்காதீர்கள்.

ஐந்தாம் வாரம்: மதிப்பெண்ணும் அலமாரியும்

அமெரிக்காவில் டேவிட் க்வின் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களிடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ஒரே மாதிரியான கட்டுரை கொடுக்கப்பட்டது. சிலருடைய தாளில் எழுதிய பிள்ளையின் சகோதரனுக்குக் கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர், சிலருடைய தாளில் வெள்ளையரிடையே வழங்கும் பெயர். வித்தியாசம் அவ்வளவுதான். 'வகுப்புக்கு ஏற்ற தரமா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டபோது வெள்ளைப் பெயர் இருந்த தாளுக்குக் கூடுதல் மதிப்பு விழுந்தது. எதை எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று தெளிவாக எழுதிய அளவுகோலைக் கொடுத்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆசிரியர்களின் மனத்தை யாரும் மாற்றவில்லை. கேள்வியை மாற்றினார்கள்.

உங்கள் வேலையும் அதுதான். ஏற்கெனவே திருத்திய 10 தாளின் நகலை எடுத்து, மதிப்பெண்ணையும் பெயரையும் மறைத்துக் குறியீடு போடத் துணையிடம் கொடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் ஆன பழைய தாளாக இருந்தால் கையெழுத்து ஓரளவு மறந்திருக்கும். நான்கு அளவுகோல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு படி வையுங்கள். 'நன்றாக விளக்கியிருக்கிறார்' என்பது அளவுகோல் ஆகாது, அது உணர்வு. 'கருத்துக்கு இரண்டு சான்றாவது காட்டி, அவை எப்படிப் பொருந்துகின்றன என்று ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கிறார்' என்பது அளவுகோல். தாள் தாளாகத் திருத்தாமல், முதல் கேள்வியைப் பத்துத் தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். ஒரு தாளின் தொடக்கம் கொடுத்த மயக்கம் அதன் முடிவு வரை நீளாது. பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, மாறிய தாள்கள் யாருடையவை என்று பாருங்கள்.

மதிப்பெண் குறைவது மட்டும் பாகுபாடு இல்லை. கென்ட் ஹார்பர் 1998இல் காட்டியது இதன் மறுபக்கம்: எழுதியவர் கறுப்பினத்தவர் என்று நினைத்த வெள்ளையினத்தவர்கள், மோசமான கட்டுரைக்கும் மென்மையான கருத்துரை கொடுத்தார்கள். தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கத்தில் ஒரு பிள்ளையின் பிழையைச் சொல்லாமல் விடுவது அந்தப் பிள்ளையைக் கைவிடுவது. உங்கள் கருத்துரைகளில் 'பரவாயில்லை', 'நல்ல முயற்சி' என்ற சொற்களை அடிக்கோடிட்டு, யாருக்கு அவை அதிகம் போகின்றன என்று எண்ணுங்கள். அந்தத் தாள்களில் பிழையையும் திருத்தும் வழியையும் எழுதி, இதைச் சரியாகச் செய்ய உன்னால் முடியும் என்று நம்புவதால்தான் சொல்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அலமாரிக்கு அதிக நேரம் வேண்டாம், ஒரு மதியம் போதும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985இல் எண்ணிப் பார்த்தது: அந்த ஆண்டு வெளிவந்த சுமார் 2,500 குழந்தைப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் படைத்தவை 18. உங்கள் அலமாரியில் 50 புத்தகத்தை எடுத்து, எழுதியவர் யார், நடுநாயகமாக நிற்பவர் யார், அவர் என்ன செய்கிறார் என்று மூன்று கட்டத்தில் குறியுங்கள். மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு சமூகத்துப் பிள்ளை எல்லாப் புத்தகத்திலும் துன்பப்படவும் மீட்கப்படவும் மட்டுமே வருகிறது என்றால், எண்ணிக்கை சரியாக இருந்தும் அலமாரி கோணல்தான். அந்தப் பிள்ளை பட்டம் விடுகிற, துப்பறிகிற, சண்டைபோட்டுச் சமாதானமாகிற கதைகளும் வேண்டும்.

ஆறாம் வாரம்: ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுதல்

இதுவரை எழுதியதில் பத்துக் குறையாவது வெளிப்பட்டிருக்கும். பத்தையும் திருத்தக் கிளம்பினால் ஒன்றும் நடக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2016இல் கால்வின் லாயும் சக ஆய்வாளர்களும் சார்பைக் குறைக்கும் ஒன்பது குறுகிய பயிற்சிகளைச் சோதித்தார்கள். எல்லாமே அந்த நேரத்தில் வேலை செய்தன, சில மணி நேரத்திலோ சில நாளிலோ கரைந்துபோயின. நல்ல தீர்மானம் தன்னால் நிற்காது, அதை ஒரு தருணத்தில் கட்டிப்போட வேண்டும்.

'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்ற வடிவில் எழுதுங்கள். "இனி எல்லோரையும் சமமாக நடத்துவேன்" என்பதில் பிடிமானம் இல்லை. "கேள்வி கேட்டவுடன், யாரையும் கூப்பிடுவதற்கு முன், மனத்துக்குள் மூன்று எண்ணுவேன்" என்பதில் இருக்கிறது. "ஒரு பிள்ளையைக் கண்டிக்க வாய் திறக்கும்போது, முதலில் வகுப்பை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்ப்பேன்" என்பதிலும் இருக்கிறது. எழுதிய சீட்டை மேசையில், உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள்.

யாராவது உங்கள் தவறைச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் இந்த வாரமே ஒத்திகை பாருங்கள். அது நிச்சயம் வரும். வரும்போது முகம் சூடேறும், வாய் தானாக விளக்கம் சொல்லப் போகும். ஒரு மாணவி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"டீச்சர், நீங்க என்னையும் அவளையும் எப்பவும் மாத்தி மாத்திதான் கூப்பிடுறீங்க."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களே" என்பதுதான் பலர் வாயில் வரும் பதில், அதைவிட மோசமான பதில் இல்லை. "நான் வேணும்னு செய்யலைம்மா" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் இப்போது அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். துணையோடு உட்கார்ந்து இதைப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள்:

"ஆமாம்மா, மாத்திக் கூப்பிட்டிருக்கேன். தப்பு என்னோடது. சொன்னதுக்கு நன்றி. இனி சரியாக் கூப்பிடுவேன்."

நான்கு வாக்கியம், அவ்வளவுதான். கண்ணீர் வேண்டாம், நீண்ட மன்னிப்பு வேண்டாம், "இன்னும் என்னென்ன தப்பு செய்றேன், சொல்லு" என்று அவளை ஆசிரியராக்கவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, இரண்டு பெயரையும் சரியாகச் சொல்லிவருகிறீர்களா என்பதை நோட்டில் குறியுங்கள்.

செய்யவே கூடாதவை சில

வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டம்தட்டி நடத்தும் 'அனுபவப் பயிற்சி'யைப் பிள்ளைகளிடம் செய்யாதீர்கள். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் கண்ணின் நிறத்தை வைத்துத் தன் மூன்றாம் வகுப்பைப் பிரித்து நடத்தியது உலகப் புகழ்பெற்றது. அதைப் பார்த்துவிட்டுச் செய்துபார்க்கத் துடிப்பவர்கள் பலர். பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சம்மதம் வாங்க வழியில்லை. அன்றாடம் அதை அனுபவிக்கும் பிள்ளைக்கு அது பயிற்சியும் இல்லை.

ஒரு பிள்ளையை அதன் சமூகத்துக்கே பிரதிநிதியாக்கி "உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்காதீர்கள்.

"நான் நிறமே பார்ப்பதில்லை, எல்லாரும் எனக்குப் பிள்ளைகள்தான்" என்பதை அன்பால் சொல்கிறார்கள், அந்த அன்பில் சந்தேகமில்லை. ஆனால் நிறத்தின் பெயரால் வெளியே அடிபட்டு வரும் பிள்ளைக்கு, அந்த அடியையும் பார்க்கமாட்டேன் என்றே அது கேட்கும். அந்த அடியைப் பற்றிய பேச்சையும் அந்தப் பிள்ளை உங்களிடம் கொண்டுவர வழி திறந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி போடுங்கள், அடுத்த பருவத்தின் மூன்றாவது வாரம். அன்று அதே இருக்கை வரைபடம், அதே ஐந்து குறி, 40 நிமிட வகுப்பு மூன்று. துணை பின்னால் உட்காரட்டும். பழைய எண்களை அவருக்குக் காட்டாதீர்கள். எண்ணி முடித்தபின் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றிய பழக்கத்தில் எண் நகர்ந்திருந்தால் அடுத்த குறையை எடுங்கள். நகரவில்லை என்றால் சீட்டில் எழுதிய வாக்கியம் எந்தத் தருணத்தில் கைவிட்டது என்று துணையிடம் கேட்டு, வேறு தருணத்தில் கட்டுங்கள்.